பெனலாங் தொகுதியில் ஒரு வாக்குச்சாவடி: சேவை எப்படி?

வாக்களிப்பது கட்டாயம் என்றும், தவறினால் 20 டாலர் அபராதம் என்றும் சட்டம் வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவில், வாக்குச்சாவடியையும் ஒரு சேவையாகக் கருதி மதிப்பிடலாம் என்பது என் எண்ணம். சிட்னியின் புறநகர்த் தொகுதியான பெனலாங்கில், ரைட் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில், 2025 மே 3 சனிக்கிழமை பிற்பகல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தேன்.

எரிச்சல் வாசலிலேயே தொடங்கிவிட்டது. "இப்படி வாக்களியுங்கள்" என்ற அட்டைகளோடு நின்ற கட்சித் தொண்டர்களில் ஒருவர், ஏற்கெனவே என் கையில் அதே அட்டை இருப்பதைப் பார்த்த பிறகும் இன்னொன்றைத் திணித்தார். நுழைவாயிலிலிருந்து ஆறு மீட்டருக்குள் பிரசாரம் கூடாது என்ற விதி இருப்பதால் உள்ளே அமைதி நிலவியது.

மேசையில் இருந்த அலுவலர் என் பெயரையும் முகவரியையும் கேட்டபின், இந்தத் தேர்தலில் முன்பே வாக்களித்துவிட்டீர்களா என்றும் கேட்டுவிட்டுத்தான் தாள்களைத் தந்தார். பிரதிநிதிகள் அவைக்குப் பச்சைத் தாள்; செனட்டுக்கு மேசையில் விரிக்கவே இடம் போதாத வெள்ளைத் தாள். இரண்டிலும் தம் சுருக்கொப்பத்தை இட்டுக் கொடுத்த அவர், பச்சைத் தாளில் எல்லாக் கட்டங்களிலும் விருப்பவரிசைப்படி, அதாவது மிகவும் விரும்பும் வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண் இட வேண்டும் என்று விளக்கினார். அப்படிச் சொல்லியும் நான் 3 என்ற எண்ணை இரண்டு முறை எழுதிவிட்டேன். தயங்கித் தயங்கித் திரும்பிச் சென்றபோது, முகம் சுளிக்காமல் பழைய தாளை வாங்கி ரத்து செய்துவிட்டுப் புதிய தாள் கொடுத்தார். என் மதிப்பீட்டில் பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் அந்த ஒரு செயலுக்கே.

இந்தத் தொகுதியின் வரலாற்றை அறிந்தவர்கள் அதை மிகை என்று சொல்லமாட்டார்கள். 1949இல் உருவான பெனலாங், 2007 வரை லிபரல் கட்சியைத் தவிர வேறு யாரையும் அனுப்பியதில்லை. அவற்றில் 33 ஆண்டுகள் ஜான் ஹோவர்ட் ஒருவருடையவை. 2007 நவம்பரில், பிரதமராகவே இருந்த அவர் முதல் விருப்ப வாக்குகளில் மயிரிழையில் முந்தியும், பின்தங்கி விலக்கப்பட்ட மற்ற வேட்பாளர்களின் வாக்குகள் அவற்றில் இடப்பட்டிருந்த அடுத்த விருப்பத்தின்படி பிரித்துச் சேர்க்கப்பட்டபோது, முன்னாள் பத்திரிகையாளரும் தொழிற்கட்சி வேட்பாளருமான மாக்சின் மக்யூவிடம் சுமார் 2,400 வாக்குகளில் தோற்றார். 1929இல் ஸ்டான்லி புரூஸுக்குப் பிறகு, பதவியிலிருக்கும் பிரதமர் சொந்தத் தொகுதியை இழந்தது அதுவே முதன்முறை. இரண்டாவது, மூன்றாவது எண்களைச் சும்மா இடுகிறோம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கணக்கைக் காட்டினாலே போதும்.

மக்யூவின் வெற்றி ஒரு தவணைக்கு மேல் நீடிக்கவில்லை. 2010இல் முன்னாள் டென்னிஸ் வீரர் ஜான் அலெக்சாண்டர் தொகுதியை லிபரலுக்கு மீட்டார். இரட்டைக் குடியுரிமைச் சிக்கலால் அவர் பதவி விலகி, 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் முதல்வர் கிறிஸ்டினா கெனலியை வென்று திரும்பினார். 2022இல் ரைட் நகரின் முன்னாள் மேயர் ஜெரோம் லாக்சால் தொழிற்கட்சிக்காக வென்றபோது, இறுதிக் கணக்கில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 51 விழுக்காடுதான். பின்னர் எல்லைகள் மாற்றப்பட்டு, ஒழிக்கப்பட்ட நார்த் சிட்னி தொகுதியின் லேன் கோவ், ஹன்டர்ஸ் ஹில் பகுதிகள் சேர்ந்ததில், பழைய வாக்குகளின்படி இது மீண்டும் லிபரல் பக்கம் சாய்ந்த தொகுதியாகக் கணிக்கப்பட்டது. நான் வாக்களித்த அந்த நாளிலோ அந்தக் கணிப்பு தலைகீழானது. லாக்சாலுக்கு ஏறத்தாழ 59 விழுக்காடு கிடைத்தது.

ஐந்துக்கு நாலரை தரலாம். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, தேர்தல் நாளின் மரபாகிவிட்ட ரொட்டியும் சாசேஜும்தான். நான் போன நேரத்தில் வதக்கிய வெங்காயம் தீர்ந்துவிட்டது. சாவடி மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் என்றாலும், சாசேஜுக்காகவும் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.