எடை குறையக் குறைய விலை ஏறும் கடை

கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சென்னையில் மெயின் ரோட்டில் இருக்கிறது. கீழே கண்ணாடி போட்ட ஏசி கடை, மேலே ஒரு மாடி. ‘டீகப் பாம்’ என்று சொல்லி விற்கிற, உள்ளங்கையில் அடங்கும் பாமரேனியன் நாய்க்குட்டியை வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடை சுத்தம். நாற்றம் கிடையாது. பையன்கள் மரியாதையாகப் பேசினார்கள், பேத்திக்கு உட்கார ஸ்டூல் போட்டார்கள். இதெல்லாம் உண்மை.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தராசு. அதன்மேல் ஒவ்வொரு குட்டியாக வைத்துக் காட்டினார்கள். “இது 410 கிராம், நாற்பத்தஞ்சாயிரம். இது 340, இதுக்கு அறுபத்தஞ்சு. வெயிட் குறையக் குறைய ரேட் ஏறும் மேடம்.”

நான் 27 வருஷம் அரசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். இரண்டரை கிலோவுக்குக் குறைந்து பிறந்தாலே எங்களுக்குக் கவலை ஆரம்பித்துவிடும். ஒரு கிலோ, ஒன்றே கால் கிலோப் பிள்ளைகளை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, இரண்டு மணிக்கொரு தரம் பால் கொடுத்து, தினமும் காலையில் எடை போடுவோம். முந்தின நாளைவிட 20 கிராம் ஏறியிருந்தால், டியூட்டி முடிந்து கிளம்பும்போது அடுத்த சிஸ்டரிடம் முதலில் சொல்வது அதைத்தான். அப்படித் தராசையே பார்த்துக்கொண்டு வேலை செய்தவள் முன்னால், எடை குறைவதற்கு விலை வைத்துச் சொன்னார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அதற்குள் பேத்தியின் உள்ளங்கையில் அந்த 340 கிராம் தூங்கிவிட்டது. மகன் பணம் கட்டினான்.

ஐம்பத்தெட்டு நாள் குட்டி என்றார்கள். பெரிசானாலும் ஒரு கிலோவைத் தாண்டாது என்றார்கள். சாப்பாட்டுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “காலைல ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். அதுக்கு மேல குடுக்காதீங்க மேடம், வளந்துடும்.”

நான் அதைக் கேட்கவில்லை, நாலு வேளை கொடுத்தேன். அதுவும் போதவில்லை. நாலாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் கடுகு (பேத்தி வைத்த பெயர்) துணிமேல் பக்கவாட்டில் கிடக்கிறது. தலை பின்னுக்கு வளைந்து, கால்கள் விட்டுவிட்டு உதறின. ஈறு வெளுத்துப்போயிருந்தது, காது சில்லென்று இருந்தது. வார்டில் எத்தனையோ ராத்திரி பார்த்த கோலம்தான். சர்க்கரை இறங்கிவிட்டது. குளுக்கோஸ் பொடியைத் துளி வெந்நீரில் குழைத்து, விரல் நுனியால் ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன். வாயில் ஊற்றினால் புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். ரவிக்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து என் விரலை நக்கியது.

விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார். பால் பல்லே இன்னும் முழுசாக வரவில்லை. “சின்ன ஜாதிக்குப் பல் லேட்டாத்தான் வரும். இருந்தாலும் இது எட்டு வாரக் குட்டி மாதிரி தெரியலைம்மா, ஆறு வாரம் இருந்தா அதிகம்” என்றார். பிறகு என் விரலைப் பிடித்து அதன் தலையில் வைத்தார். உச்சிக்குழி. பச்சைப்பிள்ளைக்கு இருப்பதுபோல் மெத்தென்று, எலும்பு மூடாமல். சில குட்டிகளுக்கு வளர வளர மூடிவிடுமாம், சிலவற்றுக்குக் கடைசிவரை மூடாதாம். மூளையில் நீர் கோத்துக்கொள்கிற குட்டிகளும் உண்டு என்றார்.

இவ்வளவு சின்ன உடம்பில் ஈரலிலும் தசையிலும் சர்க்கரையைச் சேர்த்துவைக்க இடமே இல்லை. உடம்புக்கு மூளை பெரிசு, அது கேட்டுக்கொண்டே இருக்கும். தோல் வழியாகச் சூடும் போய்க்கொண்டே இருக்கும். மூன்று மணிக்கொரு தரம் வயிற்றுக்கு ஏதாவது போகாவிட்டால் ராத்திரியில் விழுந்துவிடும். இது தெரியாமலா அந்தக் கடையில் இரண்டு ஸ்பூன் கணக்குச் சொல்கிறார்கள்? தெரிந்துதான். பட்டினி போட்டால் சிறுத்தே இருக்கும். வயதைக் கூட்டிச் சொன்னால் குட்டி இன்னும் சிறிசாகத் தெரியும்.

மறுநாள் நான் மட்டும் கடைக்குப் போனேன். தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். பண்ணை வெளியூரில் இருக்கிறது என்றார் முதலாளி. அவர் போன் பேச வெளியே போனதும், ஸ்டூல் போட்ட அந்தப் பையன், “அம்மா, மேல வாங்க” என்று மெதுவாகச் சொன்னான்.

மாடியில் மூன்று அடுக்குக் கூண்டு. நடு அடுக்கில் கடுகின் அம்மா. ஒன்றரை கிலோ இருந்தால் அதிகம். தூக்கினேன். வயிற்றில் முடி சிரைத்த இடத்தில் புதுத் தையல் வடு ஒன்று, அதை ஒட்டியே வெளுத்துப்போன பழைய வடு ஒன்று. இரண்டு சிசேரியன். குட்டியின் தலை பெரிசு, தாயின் இடுப்பெலும்பு சிறிசு, வழி கிடையாது. மனுஷிக்கு இப்படி ஆனால் உடம்பு தேறும்வரை அடுத்ததை நினைக்காதே என்று எழுதிக் கொடுத்து அனுப்புவோம். “இவளுக்கு எத்தனை வயசுப்பா?” என்றேன். “ரெண்டு ஆவலம்மா” என்றான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் இருக்கின்றன. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. ஆயுளுக்கு ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. மைக்ரோசிப்பும் தடுப்பூசியும் வேண்டும். வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பில்லும் ஒரு பை பிஸ்கட்டும்.

முதலாளியிடம் வாயும் பல்லும் வலிப்பும் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கொண்டு வாங்க மேடம், வேற பீஸ் மாத்தித் தர்றோம்” என்றார். அந்த வார்த்தையைச் சொன்ன குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. பீஸ்.

எனக்குச் சின்ன நாய்மேல் விரோதம் இல்லை. எண்பதுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குரைத்துக்கொண்டிருந்த வெள்ளை ‘பாமரேனியன்’ உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். ஐந்தாறு கிலோ இருக்கும். விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த மார்கோ என்ற பாமும் 12 பவுண்டுதானாம், அதாவது ஐந்தரை கிலோ. இன்றைக்கு, நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்கன் கென்னல் கிளப் வைத்திருக்கும் கணக்கு மூன்றிலிருந்து ஏழு பவுண்டு, 1.4 முதல் 3.2 கிலோ. அதுவே மடியில் அடங்குகிற நாய். அதற்கும் கீழே ‘டீகப்’ என்று தனியாக ஓர் இனம் அவர்கள் ஏட்டில் கிடையாது. குட்டிகளிலேயே நோஞ்சானாகப் பிறந்ததை இன்னொரு நோஞ்சானோடு சேர்த்து, அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பாம்தான் வேண்டும் என்றால், தாயை உங்கள் கையில் தூக்கிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். பெட்டியிலிருக்கும் குட்டிகளில் நன்றாகத் தின்று கொழுகொழுவென்று இருப்பதை எடுங்கள்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன். அதுவும் மாடிக்குக் கூட்டிப்போன பையனுக்கு. வாரியத்துக்குப் புகார் எழுதி, பில்லின் நகலையும் டாக்டரம்மாவின் சீட்டையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கடுகுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை எட்டு மாதம் முடிந்தது. விழாமல் நின்ற பால் பல் இரண்டைப் பிடுங்கியாயிற்று. சோபாவிலிருந்து குதிக்க விடுவதில்லை. முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்கூட இல்லை. உச்சிக்குழி பாதிக்கு மேல் மூடிவிட்டது. வாராவாரம் சமையலறைத் தராசில் நிற்க வைத்து எடை போடுகிறோம், பேத்தி நோட்டில் எழுதுகிறாள். போன வாரம் 1,455 கிராம். இந்த வாரம் 1,480.