மெஷினா, ஃபில்டரா? வேலையை விட்டுக் காபிக் கடை போடுகிறவர்களுக்கு

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு காபிக் கடை போடலாம் என்று இருக்கிறேன் என மாதத்துக்கு ஒருவராவது என் கடைக்கு வந்து பேச்சுக் கொடுக்கிறார். வேலையை விடுவது பற்றி நான் சொல்வது கொஞ்சம்தான். ஒன்றரை வருட வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள்.

நான் நீட்டிப் பேசுவது அடுத்த கேள்வியைப் பற்றி. எஸ்பிரசோ மெஷின் வைத்த கஃபேயா, டபரா டம்ளரில் கொடுக்கிற ஃபில்டர் காபிக் கடையா? வருகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் முதலாவதுதான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஓ.எம்.ஆரில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு 2022-ல் சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில் சின்னக் கடை பிடித்தேன். எட்டு மாதம் மெஷின் ஓட்டினேன். பிறகு அதை விற்றுவிட்டு ஃபில்டருக்கு மாறினேன். அதனால் என் சாய்வு ஃபில்டர் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலீட்டில் எது குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காபி இறக்கும் பழைய இரண்டு குரூப் மெஷினுக்கும் அரவை மெஷினுக்கும் சேர்த்து எனக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு என் கடையில் இருக்கும் ஃபில்டர்கள், பாய்லர், பால் பாத்திரங்கள், டபரா செட் எல்லாம் சேர்த்தும் அறுபதாயிரத்தைத் தாண்டவில்லை. விற்பனையும் அப்படித்தான். ஒரு கப்புசினோவுக்கு 130 ரூபாய் வாங்கலாம், ஆனால் வாங்குபவர் லேப்டாப்பைத் திறந்து ஒன்றரை மணி நேரம் உட்காருவார். ஃபில்டர் காபி 25 ரூபாய், குடிப்பவர் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். இந்தக் கணக்கை யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். நான் போட்டுப் பார்க்காமல் விட்டது பராமரிப்பை.

எஸ்பிரசோ என்பது 18 கிராம் தூள் வழியாகச் சுமார் 93 டிகிரித் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் 25, 30 நொடிக்குள் தள்ளி இறக்குவது. இந்த நாலு எண்ணில் ஒன்று பிசகினாலும் காபி புளிக்கும், இல்லை கசக்கும். மழைக்கால ஈரத்தில் தூளின் போக்கே மாறிவிடும், காலையில் வைத்த அரவை மதியம் சரிப்படாது. அது கூடப் பழகிவிட்டது. பழகாதது தண்ணீர்.

எங்கள் பகுதியில் போர் தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் 1,400 காட்டும். வீட்டு வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புதான் மெஷினின் பாய்லருக்குள்ளும் படிகிறது. ஹீட்டர் கம்பியின் மேல் ஓடு மாதிரிக் கட்டிக்கொள்ளும், வால்வுகளின் ஊசித் துளைகளை அடைத்துவிடும். சரி, ஆர்.ஓ. போட்டுவிடலாம் என்று போட்டேன். அதில் வேறு சிக்கல். பாய்லரில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பி, தண்ணீரில் இருக்கும் தாது உப்பு வழியாக மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் மட்டத்தை அறிகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ரொம்பச் சுத்தமாகிவிட்டால் பாய்லர் நிறைந்த பிறகும் காலியாக இருப்பதாகவே அதற்குப் படும். காபியும் சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் சாதாரணத் தண்ணீரை அளவாகக் கலந்து டி.டி.எஸ். 150-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும், அதைத் தினமும் மீட்டர் போட்டுப் பார்க்கவும் வேண்டும். அதற்கு மேல் ரப்பர் கேஸ்கெட், அரவைப் பிளேடு, தினமும் இரவில் பவுடர் போட்டுக் கழுவுவது, ஒவ்வொரு கப்புக்கும் ஸ்டீம் குழாயைத் துடைப்பது. துடைக்க ஒரு நிமிடம் தாமதித்தால் பால் காய்ந்து சிமெண்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஏழாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை 6:40. வாக்கிங் முடித்து வருகிற எட்டுப் பேர் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே பொங்கி இறக்கிய பால் பத்து லிட்டர். பிரஷர் முள் 2-க்கு மேல் ஏறவே இல்லை. சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டால், சாயங்காலம் வந்து பார்க்கிறேன், பம்ப் போயிருந்தால் பெங்களூரிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்றார். ஆபீசில் இப்படி ஒன்று நின்றால் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்போம், மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். இங்கே வாசலில் நிற்கிறவர்கள் இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் வேறு கடையில் பழகிவிடுவார்கள்.

மனைவி வீட்டிலிருந்து இரண்டு பித்தளை ஃபில்டரையும் ஒரு கிலோ காபித் தூளையும் கொண்டு வந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மேல் தட்டில் தூளைக் கொட்டி, குடைப்பிடியை வைத்து லேசாக அமுக்கி, கொதிநீரைச் சுற்றி ஊற்றினேன். இருபது நிமிடத்தில் முதல் டிகாஷன் இறங்கியது. எட்டுப் பேரில் ஐந்து பேர் நின்று குடித்தார்கள். அதில் ஒருவர், "இதையே தினமும் போடலாமேப்பா" என்றார். அந்த நாலு நாளும் ஃபில்டரில்தான் கடை ஓடியது.

ஃபில்டருக்கும் பராமரிப்பு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. துளை அடைத்தால் டிகாஷன் இறங்காது. தினமும் கொதிநீரில் போட்டுத் தேய்க்க வேண்டும், வாரம் ஒரு முறை துளைத் தட்டைக் கேஸ் அடுப்பில் காட்டிச் சுட்டு எடுத்தால் அடைத்த தூள் கருகி உதிர்ந்துவிடும். எவர்சில்வருக்கு இவ்வளவு போதும். பித்தளை வைத்திருந்தால் உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்ததும் திரும்பப் பூச வேண்டும். பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுழற்று சுழற்றுவார்; மங்கிப் போன உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். இப்போது அந்த வேலை செய்பவர்கள் குறைந்துவிட்டதால் நான் பெரும்பாலும் எவர்சில்வருக்கு மாறிவிட்டேன்.

மெஷினை விற்ற பிறகு ஒரு மாஸ்டரைச் சேர்த்தேன். கும்பகோணம் பக்கத்துக்காரர், முப்பது வருடமாக இதே தொழில். வந்த முதல் வாரத்தில் தூள் கொஞ்சம் நைசாகப் போய் டிகாஷன் நின்றுவிட்டது. நான் பதறினேன். அவர் ஃபில்டரின் பக்கவாட்டில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினார், சொட்ட ஆரம்பித்தது. "தம்பி, அது நின்னா நீங்க போன் பண்ணணும். இது நின்னா தட்டினா போதும்" என்றார். "சரிங்கண்ணே" என்றேன்.

ஆனால் அவர்தான் ஃபில்டர் கடையின் பலவீனமும். அவர் ஊருக்குப் போகும் நாட்களில் சுவை மாறுவதை வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மெஷின் இருந்தபோது வேலைக்கு வந்த பெண் பத்தே நாளில் கற்றுக்கொண்டு, என்னை விட ஒரே சீராகப் போட்டாள். அந்தச் சீரை ஃபில்டரில் கொண்டுவர எனக்கு ஒரு வருடம் ஆனது. டிகாஷன் மூன்று நான்கு மணி நேரத்தில் மணம் இழந்துவிடும், நேரே அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசக்கும். அதனால் கூட்டத்தைக் கணித்துச் சின்னச் சின்னதாகப் போட வேண்டும். காலை 4:30-க்கு ஒன்று, 7 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு ஒன்று, மறுபடி 3 மணிக்கு. மதியம் 12 முதல் 3 வரை கடை கிட்டத்தட்ட காலி. மெஷின் காலத்தில் அந்த நேரத்திலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

தூள் விலை மெஷின் கடை, ஃபில்டர் கடை இரண்டையும் அடிக்கிறது. 2024-லும் 2025 தொடக்கத்திலும் பிரேசில், வியட்நாம் வறட்சியால் காபிக்கொட்டை விலை உலகச் சந்தையில் உச்சத்துக்குப் போனது. அப்போது சிக்கரியைக் கூட்டச் சொல்லி எனக்கு நிறைய யோசனை வந்தது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், அதுவரை இறங்க இடம் உண்டு. நான் இறங்கவில்லை. பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி என்ற இரண்டு ரகக் கொட்டையும் சேர்ந்த தூள், அதில் 20 சதவீதம் சிக்கரி என்று தொடங்கினேன், இன்றும் அதேதான். விலையை மட்டும் மூன்று ரூபாய் கூட்டினேன். யாரும் நின்றுவிடவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மெஷின் ஓட்டியது எட்டு மாதம், அதுவும் பழைய மெஷின், உப்புத் தண்ணீர்ப் பகுதி. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற இடத்தில் கடை வைத்திருக்கும் என் பழைய டீம் நண்பர் மூன்று வருடமாக மெஷினோடு நிம்மதியாக இருக்கிறார். கல்லூரி வாசலிலோ பெரிய ஆபீஸ் கட்டிடத்துக்குக் கீழேயோ கடை என்றால் என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கூட ஒரு பார்ட்னர் இருந்து, ஒருவர் மெஷினைப் பார்த்துக்கொள்ள முடியுமென்றாலும் கதை வேறு. தனி ஆளாக, குடியிருப்புப் பகுதியில், சேமிப்பைப் போட்டுத் தொடங்குகிறவருக்கு ஃபில்டர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மெஷினை விற்றபோதும் உப்புத் தண்ணீர்தான் அடித்தது. மூன்று லட்சத்துக்கு மேல் போட்டதை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கொடுத்தேன். வாங்க வந்தவர் முதலில் கழற்றிப் பார்த்தது பாய்லரைத்தான். விரலால் சுரண்டினார், வெள்ளைச் செதில் நகத்தில் வந்தது. அங்கேயே முப்பதாயிரம் குறைத்தார்.

மெஷின்தான் என்று முடிவு செய்திருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சில நூறு ரூபாயில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, கடைக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். காலையில் ஒரு முறை, லாரித் தண்ணீர் கலந்த பிறகு ஒரு முறை, முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் ஒரு முறை. கோடையில் போர் தண்ணீர் இறங்கியபோது எங்கள் 1,400 ஒரு வாரத்தில் 1,900 ஆனது.