சாஸை ஊற்றி வைப்பதா, தனியாக வைப்பதா? ஃப்ரீசருக்குப் போகிற என்ச்சிலாடா

மூத்தவள் கோடை விடுமுறைக்கு டல்லாஸில் இருக்கும் அவள் சித்தி வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து தோசையைப் பார்த்தாலும் என்ச்சிலாடா, சப்பாத்தியைப் பார்த்தாலும் என்ச்சிலாடா. டார்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டிக்குள் கோழியை வைத்துச் சுருட்டி, மேலே மிளகாய் சாஸும் சீஸும் போட்டுச் சுடுகிற மெக்சிகோ பதார்த்தம் அது. டார்ட்டியாவை நான் மைதாவில்தான் செய்கிறேன். செய்து கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கோழியை வேகவைத்து உதிர்த்து, மிளகாயை ஊறவைத்து அரைத்து, டார்ட்டியா சுட்டு, சுருட்டி அடுக்கி, சாஸ் ஊற்றி, சீஸ் தூவி, ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனில் வைத்து எடுப்பதற்குள் இரண்டரை மணி நேரம் ஓடிவிடுகிறது. நானும் வீட்டுக்காரரும் வேலை முடிந்து கே.கே. நகர் வந்து சேரவே ஏழாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் போட்டுவைத்தால்தான் உண்டு.

எப்படிப் போட்டுவைப்பது என்பதில் மூன்று கட்சி. ஒன்று, தட்டில் அடுக்கி சாஸும் சீஸும் போட்டு அப்படியே உறைய வைப்பது. இரண்டு, சுருள் தனி, சாஸ் தனி என்று உறைய வைத்து, சாப்பிடுகிற அன்று சேர்ப்பது. மூன்று, உள்ளே வைக்கிற கோழியை மட்டும் உறைய வைத்துவிட்டு டார்ட்டியாவை அன்றன்று சுடுவது. நாலு மாதமாக மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். நான் இரண்டாவது கட்சி, அதை மறைக்கப் போவதில்லை.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது எங்கள் அத்தையின் கட்சி. இடம் அடைக்காது, கோழியும் நன்றாகவே இருக்கும், மிச்சத்தை மறுநாள் பிரெட்டுக்குள்ளேயோ தோசை மேலேயோ போட்டுக்கொள்ளலாம். எல்லாம் சரி. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மாவு பிசைந்து தேய்த்துச் சுடுகிற வேலை அப்படியே நிற்கிறதே! அதுவும் எங்கள் வீட்டில், கல்லிலிருந்து எடுக்க எடுக்க ஆளுக்கு ஒன்றாகக் கோழியைத் தொட்டுக்கொண்டு தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். சுருட்டுவதற்கு எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

முதல் முறைதான் பார்க்க அழகு. உறைந்த தட்டை எடுத்து ஓடிஜிக்குள் தள்ளினால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும், நானும் அப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டு சுருளைக் கண்ணாடித் தட்டில் அடுக்கி, சாஸை ஊற்றி, ஃபாயில் போட்டு மூடி இரண்டு வாரம் வைத்திருந்தேன். கண்ணாடித் தட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக ஓவனுக்குள் வைக்கக் கூடாது, விரிந்து உடைந்துவிடும் என்பதால் முதல் நாள் ராத்திரியே கீழே ஃப்ரிட்ஜில் இறக்கிவைத்தேன். மறுநாள் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். மேலே சீஸ் பொன்னிறமாகக் கொப்பளித்துப் பிரமாதமாக இருந்தது. கரண்டியை விட்டேன், அடியில் சுருள் என்று ஒன்றும் இல்லை. மைதா, சாஸ், கோழி எல்லாம் ஒன்றாகி நொதநொதவென்று வந்தது. அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது என்ன களியா, கிண்டி இறக்கிருக்க?" என்றார். சின்னவள் ஸ்பூன் கேட்டாள்.

அடுத்த தடவை பார்சல் கடைகளில் வைத்திருக்கிற அலுமினியத் தட்டில் வைத்து, இளக விடாமல் நேராக ஓவனுக்குள் தள்ளினேன். ஒரு மணி இருபது நிமிடம் ஆகியும் ஓரம் தளதளவென்று கொதிக்கிறது, நடுவில் கத்தியைக் குத்தினால் ஐஸ். போதாக்குறைக்கு, தக்காளிப் புளிப்பு படுகிற இடத்தில் அலுமினியம் அரிக்கும், மூடியிருந்த ஃபாயிலில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். அப்புறம் இன்னொன்று, தட்டை இளக்கினால் பன்னிரண்டையும் தின்றே ஆக வேண்டும். இளகியதைத் திரும்ப உள்ளே வைக்க எனக்கு மனசு வராது.

இந்த நொதநொதப்பு ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். சாஸில் முக்கால்வாசி தண்ணீர். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தாலும் ஒன்றரை கிலோ கட்டி ஒன்று முழுக்க உறைய மணிக்கணக்கில் ஆகும், அத்தனை நேரமும் டார்ட்டியா அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மெதுவாக உறைகிற தண்ணீர் பெரிய பெரிய படிகமாகும், அது மாவின் கட்டமைப்பைக் கிழித்துவிடும். இளகும்போது தண்ணீர் மறுபடி கசிந்து வெளியே வர, கிழிந்த மாவு கூழாக நிற்கும். ஓவன் மேல்பக்கத்தைத்தான் காயவைக்கும், அடியை அது ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே, சாஸையும் டார்ட்டியாவையும் உறைகிற நேரத்தில் தொடவே விடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி நான் செய்கிற விதம். அரைக் கிலோ எலும்பில்லாத தொடைக்கறி, வேகவைத்துக் கையால் உதிர்த்தது. நெஞ்சுக்கறி உறைந்து இளகியதும் சக்கையாகிவிடுகிறது. வெங்காயம், குடைமிளகாய், ஒரு கைப்பிடி வெந்த ராஜ்மா, சீரகத்தூள் சேர்த்து வாணலியில் நீர் சுண்டும்வரை பிரட்டி இறக்கினால் பன்னிரண்டு சுருளுக்கு வரும். இதைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஆறவிட வேண்டும். சூட்டோடு சுருட்டினால் ஆவி உள்ளேயே அடைபட்டு ஐஸாகிவிடும். அதற்காக மணிக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் சமைத்த கோழியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது, மதுரையில் சித்திரை வைகாசியில் நமக்கு விடிந்ததுமே அந்தக் கணக்குதான்.

டார்ட்டியாவை எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி போட்டு எடுக்கிறேன். ரொம்ப விட்டால் மொறுமொறுத்து, சுருட்டும்போது வெடிக்கும். மெக்சிகோவிலும் சுருட்டுவதற்கு முன் எண்ணெயில் லேசாக வாட்டுகிற பழக்கம் உண்டு. எண்ணெய்ப் படலம் ஒன்று மேலே நின்றுவிட்டால் ஈரம் சட்டென்று உள்ளே இறங்காது. சுருட்டி, மடிப்பு அடியில் இருக்கும்படி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக வைத்து, மூடாமலே ஃப்ரீசருக்குள் அனுப்புவேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் கட்டை போல இறுகிவிடும், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். அப்போது எடுத்து ஜிப் லாக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, மேலே தேதி எழுதிவிடுவேன்.

சாஸுக்குப் பத்து காஷ்மீரி மிளகாய், நான்கு முண்டு மிளகாய், நான்கு தக்காளி, பூண்டு, சீரகம். அவர்கள் ஊர் ஆஞ்சோ, குவாஹியோ மிளகாயைத் தேடி அலைய வேண்டாம், கீழமாசி வீதியில் வாங்குகிற ராமநாதபுரம் முண்டு போதும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கியதுதானே, சம்பந்தி வீட்டுச் சீரைத் திருப்பிச் செய்வது போல. ஓரிகானோவுக்கு, பீட்சாவோடு வந்து அலமாரியில் சேர்ந்துகிடக்கிற பாக்கெட்டில் நான்கு. ஆறியதும் ஒரு கப் அளவாகக் கவரில் ஊற்றி, படுக்கவைத்து உறையவிட்டால் நோட்டுப்புத்தகம் போல அடுக்கிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் இளகிவிடுகிறது.

சாப்பிடுகிற அன்று சாஸைக் கொதிக்கவிட்டு, தட்டில் மெல்லப் பூசி, உறைந்த சுருளை அப்படியே வைத்து, மேலே கொதிக்கும் சாஸ், சீஸ். ஃபாயில் மூடி 190 டிகிரியில் அரை மணி, திறந்து பத்து நிமிடம். ஆறு சுருளுக்கு இந்தக் கணக்கு. கோழி நடுவில் 74 டிகிரி தொட வேண்டும் என்பது விதி, என்னிடம் தெர்மாமீட்டர் இல்லாததால் நடுச் சுருளை வெட்டிப் பார்ப்பேன், ஆவி பறக்க வேண்டும். சாஸ் படாத இரண்டு முனையும் லேசாக மொறுமொறுக்கும், பிள்ளைகள் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். தயிரும் கொத்தமல்லியும் கடைசியில்தான், உறைய வைத்த தயிர் திரிந்து தண்ணீர் பிரிந்துவிடும்.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. என்ச்சிலாடா என்ற பேருக்கே மிளகாய் பூசியது என்றுதான் அர்த்தம். டார்ட்டியாவை சாஸில் முக்கி எடுத்துச் சுருட்டுவதுதான் அதன் முறை. என் சுருளில் சாஸ் மேலோடு நின்றுவிடுகிறது, உள்ளே ஊறிய ருசி வராது. மறுநாளே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் ஃப்ரீசரே வேண்டாம், முதல் முறையில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், ருசியில் அதுதான் மேல்.

அசல் மக்காச்சோள டார்ட்டியா விஷயத்தில் என் அனுபவம் ஒரே ஒரு பாக்கெட். தங்கை அனுப்பியது. அங்கே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைப்பார்கள், அதனால்தான் அந்த மாவு இழுபட்டு ஒட்டும். நம் கடையில் கிடைக்கிற மக்காச்சோள மாவில் முயன்றேன், சுருட்டுமுன்பே விரிசல். தங்கை கொடுத்ததில் செய்தது ஃப்ரீசரில் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு தடவை மாவு தீர்ந்துபோய், தெருமுனைக் கடையில் வீச்சு பரோட்டா வாங்கி அதில் சுருட்டினேன். எண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருப்பதாலோ என்னவோ, சாஸுக்கு அசையவே இல்லை. வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குப் பேரு சிலோன் பரோட்டா, தெரியும்ல?" என்றார். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், சமைத்த கோழி இரண்டு மூன்று மாதம் ருசி கெடாமல் இருக்கும் என்பது பொதுக்கணக்கு, எங்கள் வீட்டில் நாலு வாரத்தைத் தாண்டி எதுவும் தங்கியதில்லை. எனக்குப் பயம் தேதி அல்ல, மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை போய்விடும். கதவைத் திறக்காவிட்டால் நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்துவைக்கும் என்கிறார்கள். திறக்காமல் இருக்கணுமே! பள்ளி விட்டு வந்ததும் சின்னவள் செய்கிற முதல் வேலை ஐஸ் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். எட்டு மணி நேரத் தடையில் சாஸ் பாக்கெட் சற்று இளகினாலும் அடுப்பில் கொதிக்கப் போகிறது, கவலை இல்லை. சுருள் மேல்தான் கண், அதனால் அவற்றை அடியில் வைத்து மேலே சாஸ் பாக்கெட்டுகளை அடுக்கியிருக்கிறேன்.

இந்த மாதத் தடை வியாழக்கிழமையாம். உள்ளே ஆறு சுருள் இருக்கிறது. புதன் ராத்திரி சுட்டுவிடலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், அத்தைக்கு மட்டும் அன்றைக்கு இட்லி.