பிராஜெக்ட் ஆய்லர்: ஆறு வருடம், 187 புதிர்கள்

முதல் புதிரை முடிக்க எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. 1000-க்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களையெல்லாம் கூட்டச் சொன்னது. பைத்தான் நிரல்மொழியில் ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை), ஒரு இஃப், அவ்வளவுதான். "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று அன்றைக்கே ஏழு புதிர்களை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஆறு வருடம் ஆகிறது. இப்போது என் கணக்கில் 187. கடைசியாக முடித்த புதிருக்கு ஏழு வாரம் பிடித்தது.

தெரியாதவர்களுக்காக: பிராஜெக்ட் ஆய்லர் 2001-இல் தொடங்கிய இலவசத் தளம். கணிதவியலர் லியோன்ஹார்ட் ஆய்லரின் பெயர். 900-க்கும் மேற்பட்ட கணிதப் புதிர்கள் இருக்கின்றன. எந்த மொழியிலும் நிரல் எழுதலாம், நிரலை யாரும் பார்க்கப்போவதில்லை. கேட்பது ஒரே ஒரு எண். அது சரியா தவறா என்று மட்டும் சொல்லும். எங்கே சறுக்கினோம், எத்தனை தூரத்தில் தவறவிட்டோம், எதுவும் கிடையாது.

இதில் ஒரு நிமிட விதி என்று ஒன்று உண்டு. சரியான வழியைக் கண்டுபிடித்துவிட்டால் சாதாரணக் கணினியிலேயே ஒரு நிமிடத்துக்குள் விடை வந்துவிட வேண்டும். முதல் ஒரு வருடம் நான் இதைப் பொருட்படுத்தவே இல்லை. இரவு ஓடவிட்டுத் தூங்குவேன், காலையில் விடை இருக்கும். டிக் விழுந்துவிடும், மனதுக்குள் மட்டும் ஏதோ திருடியது போல இருக்கும்.

அந்தப் பழக்கத்தை உடைத்தது 18-ஆம் புதிரும் அதன் அண்ணனான 67-உம். எண்களால் ஆன முக்கோணம், உச்சியிலிருந்து கீழ்வரை இறங்கும் பாதைகளில் அதிகக் கூட்டுத்தொகை எது என்பது கேள்வி. 18-இல் 15 வரிசை, 16,384 பாதைகள். எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிடலாம், பார்த்தேன். 67-இல் அதே கேள்வி, 100 வரிசை. பாதைகளின் எண்ணிக்கை 2-இன் 99-ஆம் அடுக்கு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி பாதைகளைப் பார்த்தாலும் இரண்டாயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். இதை எந்த இரவில் ஓடவிடுவது?

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த பிறகு முக்கோணத்தைத் தலைகீழாகப் பார்க்கத் தோன்றியது. அடியிலிருந்து ஏறினால், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இருக்கும் இரண்டில் பெரியதை மட்டும் அதோடு கூட்டிக்கொண்டே போகலாம், சிறியதை அங்கேயே மறந்துவிடலாம். மொத்தம் 4,950 கூட்டல். விசையைத் தட்டிக் கையை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. இதற்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெயரை முதலில் படித்திருந்தால் இந்த அளவு பதிந்திருக்காது.

அப்புறம் பழைய புதிர்களுக்கே திரும்பப் போனேன். முதல் புதிருக்கு லூப்பே தேவையில்லை. 3-இன் மடங்குகள் 333, அவற்றின் கூட்டுத்தொகை 1,66,833. 5-இன் மடங்குகள் 199, கூட்டினால் 99,500. இரண்டிலும் வரும் 15-இன் மடங்குகளைக் கூட்டினால் 33,165, அதைக் கழித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கூட்டுத்தொடர்தான். 1000-க்குப் பதில் நூறு இலக்க எண்ணைக் கொடுத்தாலும் இதே மூன்று வரிதான். அதே கேள்விக்கு நான் எழுதிய லூப்பைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. (விடையை நான் முழுதாகக் கூட்டிச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நூறு புதிர்களைப் பற்றிப் பேசத் தளம் அனுமதிக்கிறது. ஆனாலும் கை வரவில்லை.)

எல்லாத் தோல்விக்கும் கணிதம் காரணம் இல்லை. 14-ஆம் புதிர் கொலாட்ஸ் சங்கிலி பற்றியது: இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, 1 வரும்வரை இப்படியே போ. வேகத்துக்காக சி++ இல் எழுதினேன். நிரல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. 113383-இல் தொடங்கினால் சங்கிலி 248 கோடியைத் தாண்டுகிறது. சி++ இல் முழு எண்ணை வைக்கும் 32 பிட் இன்ட் வகை கொள்வதோ சுமார் 214 கோடி. நிரம்பி வழிந்து எண் எதிர்மறையாகப் போய், 1-க்குத் திரும்பி வரவே வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு மாலை முழுக்க என் தர்க்கத்தையே சந்தேகப்பட்டேன். இன்னும் பெரிய எண்களைக் கொள்ளும் லாங் லாங் வகைக்கு மாற்றியதும் தீர்ந்தது.

என்னை அதிகம் ஆட்டிப்படைத்தது 66-ஆம் புதிர். x, y இரண்டும் பூஜ்ஜியத்தைவிடப் பெரிய முழு எண்கள். x-இன் வர்க்கத்திலிருந்து y-இன் வர்க்கத்தின் D மடங்கைக் கழித்தால் 1 வர வேண்டும். 1000 வரையுள்ள, முழு வர்க்கமாக இல்லாத ஒவ்வொரு D-க்கும் மிகச்சிறிய x-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். D 60 என்றால் x 31, மனக்கணக்கிலேயே வரும். D 61-க்கு வந்ததும் என் நிரல் உறைந்துபோனது. அங்கே x-இன் மதிப்பு 1,766,319,049. பொறுமையாக விட்டுவைத்தாலும் தப்பான x-கள் வந்து விழுந்தன. வர்க்கமூலத்தைத் தசம எண்ணாகக் கணக்கிட்டுச் சோதித்ததுதான் கோளாறு: 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல், அதாவது சுமார் 16 இலக்கத்துக்கு மேல், தசம வகை எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்திருக்காது. முழு எண்ணாகவே வர்க்கமூலம் எடுக்கும் சார்பு பைத்தானில் இருக்கிறது. அதற்கு மாறினேன், தப்பான விடைகள் நின்றன. வேகம்தான் வரவில்லை.

வழி தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பாஸ்கராச்சாரியார் இதே 61-க்கு 1150 வாக்கிலேயே விடை கண்டிருக்கிறார் என்பது. சக்ரவாள முறை: ஒரு தோராயமான விடையில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் திருத்திக்கொண்டே 1-க்கு வந்து சேர்வது. ஐந்நூறு ஆண்டு கழித்து, 1657-இல், ஃபெர்மா மற்ற கணிதவியலர்களுக்குச் சவாலாக விட்டதும் இந்த 61-ஐத்தான். என் லேப்டாப் மூச்சுத் திணறிய இடத்தில் ஒரு மனிதர் கையால் கடந்துபோயிருக்கிறார். சக்ரவாளத்தை அப்படியே நிரலாக்கினேன். பதினெட்டு வரி வந்தது. 1000 வரையுள்ள D எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்தன. ஆறு வருடத்தில் ஒரே ஒரு நாளைத் திரும்ப வாழலாம் என்றால் அந்த நாளைத்தான் கேட்பேன்.

சரி, குறைகள். சீட்டாட்டக் கைகளை ஒப்பிடும் 54 போன்ற சில புதிர்களில் கணிதமே இல்லை, விதிகளைப் பொறுமையாகத் தட்டச்சு செய்யும் வேலைதான். எனக்கு அலுப்பு. 100-ஐத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிறது, எண் கோட்பாடும் சேர்வியலும் தெரியாமல் நகர முடியாது. குறிப்பு கிடையாது என்பதால் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க நேரும். வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராக இதை எடுத்தால் ஏமாற்றம்தான், அதற்கு வேறு தளங்கள் இருக்கின்றன. விடையை வேண்டுமானால் இன்று செயற்கை நுண்ணறிவிடமே கேட்டுவிடலாம். கேட்டால் டிக் வரும், 61 வராது.

என் பழக்கம் இப்போது இப்படி. முதலில் நிரல் எழுதுவது சிறிய எண்களுக்கு மட்டும், அதுவும் முரட்டுத்தனமாக. வரும் விடைகளை நோட்டில் வரிசையாக எழுதி அவற்றுக்குள் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று பார்ப்பேன். பெரிய எண்ணுக்கான நிரல் கடைசியில்தான், அது பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஆறு வருடத்தில் நான்கு நோட்டு தீர்ந்திருக்கிறது. லேப்டாப் அதேதான்.

188-ஆவதாக எடுத்த புதிர் இரண்டு வாரமாக நிற்கிறது. 12 வரைக்குமான விடைகள் நோட்டில் இருக்கின்றன. 13-க்கு நான் ஊகித்ததும் நிரல் சொன்னதும் வித்தியாசப்படுகின்றன. தப்பு யார் பக்கம் என்று இன்று இரவு பார்க்க வேண்டும்.