ஸ்க்ராபிள்: பலகை சரி, தீர்ப்பு யார் சொல்வது?

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் கோக்கும் ஸ்க்ராபிள் பெட்டி சில வருஷங்களாக ஓய்வில்லாமல் உழைக்கிறது. இந்த மாவட்டத்துக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழைக்கு விடுமுறை விட்டால் பலகை கட்டிலுக்கு வந்துவிடும். 100 காய்களில் ஒன்றிலும் எழுத்து அழியவில்லை. ஈரக்காற்றில் பலகையின் மடிப்பு பிரிந்து, செல்லோடேப் ஒட்டியிருக்கிறோம். பொருளைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சண்டை.

பெரிய சண்டை, கியூ ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லால் வந்தது. கியூவுக்கு 10 புள்ளி. எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் அதை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அதே சொல் வரும்படி அண்ணன் மகள் அடித்தாள். பக்கத்துக்கு 31, மொத்தம் 62. பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற சித்தப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அர்த்தம் சொல்லு மக்கா, பொறவு மார்க் எழுதுகேன்.”

“அது தெரியாது தாத்தா. ஆனா செல்லும்.”

“அர்த்தம் தெரியாத்த சொல்லு எப்படிச் செல்லும்?”

சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் சொல் அது. சித்தப்பாவின் பழைய அகராதியில் இல்லை. காய்கள் கைக்குத் திரும்பின, அவள் எழுந்து போய்விட்டாள்.

நான் பிள்ளையின் கட்சி. எதிராளி ஆட்சேபித்தால் அகராதியைப் பார் என்பதுதான் விதி. பொருள் கேட்கச் சொல்லி எங்கும் இல்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது, சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போனார். 2024இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். சித்தப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, “அது வெளையாட்டு இல்ல, ஒப்பிக்கல்” என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உலகமே வாயில் போட்டு மெல்லும் ‘ஓகே’ என்ற இரண்டெழுத்து, ஸ்க்ராபிளில் செல்லும் சொற்களின் அமெரிக்கப் பட்டியலில் 2018இல்தான் ஏறியது. காலின்ஸ் அகராதிக்காரர்கள் போடும் பட்டியலில் 2019. அதற்கு முன்பே கியூ ஐ செல்லும், ஓகே செல்லாது!

தோசைக் கதை இன்னும் வேடிக்கை. மைனி டி, ஓ, எஸ், ஏ, ஐ என்று வைத்தார். செல்லும். அடுத்த ஆட்டத்தில் அண்ணன் பன்மையாக்குகிறேன் என்று அதன் வாலில் ஓர் எஸ் சேர்த்தான். செல்லாது. பட்டியலின் கணக்கில் ஒருமை ‘தோசா’, ‘தோசை’ என்பதே பன்மை. “அப்போ நான் காலையில ஒண்ணே ஒண்ணு தின்னது தோசை இல்லையாக்கும்” என்று சித்தப்பா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகக் காலின்ஸ் 2019 பதிப்பு என்று முடிவு செய்தோம். அதில் 2,79,496 சொற்கள். இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும் 127. அமெரிக்கப் பட்டியலிலோ 107தான். அதனால் “நெட்டில் இருக்கிறது” என்பது எங்கள் வீட்டில் எடுபடாது. எந்தப் பட்டியல் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். 127ஐயும் அச்செடுத்துப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பெட்டி வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

தப்பாக ஆட்சேபித்தால் என்ன தண்டனை என்பதும் முக்கியம். அமெரிக்கப் போட்டிகளில் ஆட்சேபித்தவரின் முறை பறிபோகும். அப்படி ஆடியபோது பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் நாங்கள், பட்டியலில் இல்லாத சொல்லையெல்லாம் தைரியமாக வைத்தோம். இப்போது 5 புள்ளி அபராதம் மட்டும். ஆட்டம் உடனே மாறிவிட்டது, பிள்ளைகள் எதையும் சும்மா விடுவதில்லை.

சித்தப்பாவுக்காக ஒரு சலுகை: தெரியாத சொல்லை வைத்தவர் ஆட்டம் முடிந்ததும் அதன் பொருளைத் தேடிப் படித்துக் காட்ட வேண்டும். புள்ளி குறையாது. பிள்ளைகளை விட அவர்தான் இதை ஆவலாகக் கேட்கிறார்.

ஆங்கிலத்தை இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பெட்டி வேண்டாம். அவர்களுக்கு ஜூனியர் ஸ்க்ராபிள் தனியாகக் கிடைக்கிறது; சொற்கள் பலகையிலேயே அச்சடித்திருப்பதால் அதில் வழக்குக்கு இடமில்லை.