வேலூரில் வீடு கட்ட: பெல்ட் போட்ட செங்கல் சுவரா, பில்லரா?

2021 நவம்பரில் வேலூர்ப் பக்கம் உணரப்பட்ட நிலநடுக்கத்தின் அளவு வெறும் 3.6தான். அதன்பிறகும் பலர் "பில்லர் போட்டாச்சு, பயமில்லை" என்கிறார்கள். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் சரிந்தவற்றில் கீழ்த்தளத்தைக் காருக்கு விட்டுத் தூணில் நின்ற அடுக்குமாடிகளும் உண்டு.

பில்லர் வீட்டில் கோளாறு ரிங்கில், அதாவது தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியில் தொடங்குகிறது. முனையை 90 டிகிரியில் மடக்கினால், குலுங்கும்போது கான்கிரீட் உதிர்ந்து ரிங் விரியும். உள்ளே கம்பி பிதுங்கும். 135 டிகிரியில் உள்ளே மடக்கி, மடக்கியபின் வால் (மீதி நுனி) 65 மி.மீ.யாவது விடணும். பீம் சேரும் இடத்தில் ரிங்கை நெருக்கணும். நம்மூர் 9 அங்குலத் தூணும் போதாது, நிலநடுக்கம் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 13920 கேட்பது குறைந்தது 300 மி.மீ.

செங்கல் சுவருக்கு லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) மட்டத்தில் பெல்ட், அதாவது கம்பி போட்ட கான்கிரீட் பட்டை: 75 மி.மீ. கனம், 8 மி.மீ. கம்பி இரண்டு, 150 மி.மீ.க்கு ஒரு 6 மி.மீ. குறுக்குக்கம்பி. ஜன்னலுக்கு மேல் மட்டும் போட்டு நிறுத்தினால் அது பெல்ட் இல்லை, வெறும் லிண்டல். எல்லாச் சுவரிலும் ஓடணும். மூலையில் கம்பியை வெட்டாமல் வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோகணும்.

ஒரு மாடி வரை என்றால் பெல்ட் போட்ட சுவரே எங்கள் தேர்வு. கீழே கடை ஷட்டர் வேண்டுமென்றால் பில்லர்தான், பொறியாளர் வரைபடத்தோடு.