ஃபாரஸ்ட் ஆப்: மரம் வளர்கிறது, வேலை நடக்கிறதா?

போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு விதை மரமாகும். நடுவில் இன்ஸ்டாகிராம் பக்கம் போனால் பட்டுப்போகும். தைவானின் சீக்ர்டெக் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த ஃபாரஸ்ட் ஆப்பின் சங்கதி இவ்வளவுதான். கவனம் சிதறாமல் வேலை பார்க்க உதவும் ஆப்கள் எத்தனையோ வந்து போன பிறகும் இது நிலைத்து நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு, ஆனால் அது ஆப் தரும் பரிசு இல்லை.

காரணம், பட்டுப்போகும் மரம். கிடைப்பதைவிட இழப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு உறைக்கும் என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் காட்டினார்கள். இருபதாவது நிமிடத்தில் கை போனுக்குப் போகும்போது, 'இன்னும் ஐந்து நிமிடத்தில் மரம் கிடைக்கும்' என்ற எண்ணம் கையைத் தடுப்பதில்லை. 'இதுவரை வளர்ந்தது செத்துப்போகுமே' என்பதுதான் தடுக்கிறது. செத்த மரம் அன்றைய காட்டில் காய்ந்த குச்சியாக நிற்கவும் செய்யும். சின்ன விஷயம்தான், நன்றாகவே வேலை செய்கிறது.

பரிசுப் பக்கம் அவ்வளவு பலமில்லை. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் நாணயம் வரும், சேர்த்து வைத்துப் புது மரவகை வாங்கலாம். முதல் வாரம் ஆசையாக இருக்கும், பிறகு நாணயம் ஏறுவதைக்கூடக் கவனிக்க மாட்டீர்கள். மூளை அப்படித்தான். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அளந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியதும் துள்ளல் விளக்குக்கு மாறியது, சாற்றுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது இருந்த அளவுக்கும் கீழே இறங்கின. அதாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே கணக்கு. இத்தனை நிமிடத்துக்கு இத்தனை நாணயம் என்று முன்பே தெரிந்தால் வித்தியாசம் பூஜ்யம். ரீல்ஸில் அடுத்து என்ன வரும் என்று தெரியாது, அதனால் அது சலிப்பதில்லை. (டோபமைன் என்றாலே இன்பம் என்று யூடியூபில் சொல்வதும் தவறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் காட்டியதுபோல, டோபமைன் இழந்த எலிக்கும் சர்க்கரை இனிக்கத்தான் செய்கிறது, அதைத் தேடிப் போகத்தான் தோன்றுவதில்லை.)

எனவே ஆப்பைத் தடுப்புச்சுவராக வைத்துக்கொண்டு, பரிசை நீங்களே ஏற்பாடு செய்வதுதான் வழி.

முதலில் தடுப்பு. ஆண்ட்ராய்டில் 'டீப் ஃபோகஸ்' முறையை இயக்கினால்தான் மற்ற ஆப்களுக்குப் போவதைக் கண்டுபிடிக்கும். அதற்கு யூசேஜ் ஆக்சஸ் (எந்த ஆப் ஓடுகிறது என்று பார்க்கும் அனுமதி), மற்ற ஆப்களின் மேல் தெரியும் அனுமதி இரண்டையும் கொடுக்க வேண்டும். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் இதுவும் போதாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் ஃபாரஸ்டின் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆட்டோஸ்டார்ட்டையும் ஆன் செய்யுங்கள். 'நேரமே பதிவாகவில்லை' என்ற புலம்பல்களில் பல இங்கே தீர்ந்துவிடும்.

விதிவிலக்குப் பட்டியலில் (மரம் சாகாமல் திறக்கக்கூடிய ஆப்கள்) போன், அகராதி, கால்குலேட்டர் போதும். வாட்ஸ்ஆப்பை 'ஆபீஸ் வேலைக்குத்தான்' என்று சேர்த்தால் ஆப் வைத்தே பயனில்லை. ஐபோனில் திரையைப் பூட்டி வைத்தாலும் மரம் வளரும், ஆகவே பூட்டிக் கவிழ்த்து வைப்பதே நல்லது. விதை போட்ட முதல் சில நொடிகளுக்குள் ரத்து செய்தால் மரம் சாகாது. தப்பிக்க அது போதும் என்று நினைக்க வேண்டாம், மனம் மாறுவது பெரும்பாலும் எட்டாவது நிமிடத்தில்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, குறைந்தது 10 நிமிடம் வைக்கலாம், இரண்டு மணி நேரம் வரை போகலாம். ஆசைப்பட்டு முதல் நாளே 90 வைப்பவர்கள் மூன்று குச்சிகளைப் பார்த்துவிட்டு ஆப்பை நீக்கிவிடுவார்கள். தொடங்கவே பிடிக்காத வேலைக்கு 10 அல்லது 15, மற்றவற்றுக்கு 25. ஒரு வாரம் மரம் சாகாமல் இருந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். கணக்குப் போடுவது, புரோகிராம் எழுதுவது போன்றவற்றில் உள்ளே நுழையவே பத்து நிமிடம் ஆகும், அவற்றுக்கு 45-50 பொருந்தும்.

விதை போடுவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் இலக்கை எழுதுங்கள். 'இயற்பியல் படிக்க' என்பது இலக்கு ஆகாது. 'மூன்றாம் பாடம், கணக்கு 1 முதல் 6 வரை' என்பது இலக்கு. ஏனென்றால் இந்த ஆப் அளப்பது போனைத் தொடாத நேரத்தை மட்டுமே. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் மரம் செழிக்கும். லேப்டாப்பில் யூடியூப் ஓடினாலும் அதற்குத் தெரியாது. லேப்டாப்புக்கு ஃபாரஸ்டின் குரோம் நீட்சி தனியாக இருக்கிறது, எந்தத் தளங்களைத் தடுப்பது என்று நீங்களே பட்டியல் போட வேண்டும்.

இனி பரிசு. ஆறு சீட்டுகளை மடித்து ஒரு டப்பாவில் போடுங்கள், இரண்டில் மட்டும் பரிசு எழுதுங்கள், நான்கு வெற்று. இலக்கு முடிந்தால் (மரம் வளர்ந்தால் அல்ல) ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்துத் திரும்பப் போட்டுவிடுங்கள். எப்போது வரும் என்று தெரியாததால் சீட்டு சீக்கிரம் பழசாகாது. பரிசு சின்னதாக, அப்போதே கிடைப்பதாக இருக்க வேண்டும்: ஸ்ட்ராங்காக ஒரு காபி, நாலு முறுக்கு, மொட்டைமாடியில் ஒரு நடை. 'மாசக் கடைசியில் ஷூ' என்பதெல்லாம் இன்றைய 25 நிமிடத்தைக் காப்பாற்றாது. இலக்கு முடியாமல் சீட்டு எடுக்கப் பழகினால் இரண்டே நாளில் டப்பா செத்துவிடும். ரீல்ஸையும் சீட்டில் எழுதாதீர்கள், ஐந்து நிமிடத்தோடு நின்றதாகச் சரித்திரம் இல்லை. அதற்குப் பிறகு கணக்குப் புத்தகம் உப்பில்லாமல் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்குச் சீட்டு வேண்டாம். 1973-இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்தது. வரி ரிட்டர்ன், பாக்கி இமெயில், ரிவிஷன் இவற்றுக்கு வையுங்கள். வீணை சாதகத்துக்கு வேண்டாம்.

ப்ரோ (கட்டணப் பதிப்பு) வாங்க வேண்டுமா? ஆண்ட்ராய்டில் இலவசமாகவே டைமரும் தடுப்பும் கிடைக்கின்றன. காசு கட்டினால் வருவதில் கவர்ச்சியானது நிஜ மரம்: 2,500 நாணயம் சேர்ந்தால் ட்ரீஸ் ஃபார் த ஃபியூச்சர் அமைப்பு மூலம் ஆப்பிரிக்காவில் ஒரு மரம் நடப்படும். நல்ல காரியம். ஆனால் தினசரி உந்துதலாக அதை நம்பாதீர்கள், எட்ட வெகுகாலம் ஆகும். நண்பர்களோடு சேர்ந்து நடும் வசதி அதைவிட உருப்படியானது. ஒருவர் வெளியேறினால் எல்லோருடைய மரமும் போகும், அதனால் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பவர்களுக்கு நன்றாக ஒத்துவரும். ஒவ்வொரு அமர்வுக்கும் பாடத்தின் பெயரை டேகாக ஒழுங்காகப் போட்டால், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் போனது என்று வாரக்கடைசியில் தெரியும்.

அழைப்பு வரும், ஓடிபி பார்க்க வேண்டும் என்று போன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டியவர்களுக்கு ஃபாரஸ்டைத் தாராளமாகச் சொல்லலாம். அந்தக் கட்டாயம் இல்லாதவர்கள் போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, முறுக்கிவிடும் சமையல் டைமர் ஒன்றை மேசையில் வைத்தாலே போதும். சீட்டு டப்பா அதனோடும் வேலை செய்யும்.